பேச ஒரு ஆளைப் பிடிப்பது எப்படி: புதிதாகச் செயலாளர் ஆனவர்களுக்கு

வாசிகசாலைப் பொதுக்கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்த ஒரே காரணத்துக்காக உங்களைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தலைவர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடியே "தம்பி, பேசுறதுக்கு ஒரு நல்ல ஆளாப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல ஆள் என்றால் யார், எங்கே இருப்பார், எப்படிக் கேட்பது, காசு கொடுப்பதா இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் விழாக் குழுக்களில் இருந்த எல்லோரும் இந்த இடத்தில் ஒரு தடவையாவது நின்றிருப்பார்கள். நானும் நின்றேன், நன்றாகவே பிழைவிட்டேன்.

என்னுடைய முதல் விழா, சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பதற்காக வைத்தது. பெரிய பதவியில் இருந்த ஒருவரைப் பிடித்தோம். இருபது நிமிடம் என்று மனதில் வைத்திருந்தோம், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அவர் எழும்பினார், தான் படித்த பள்ளிக்கூடம், தான் போன நாடுகள், தன் காலத்து ஆசிரியர்கள் என்று ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் பேசினார். தகரக் கூரையில் மழை வேறு. பின்வரிசைப் பொடியள் பக்கவாட்டுக் கதவால் ஒவ்வொருவராக நழுவ, காலியான கதிரைகளைச் சத்தம் போடாமல் அடுக்கலாமா விடலாமா என்று நான் தூணோடு சாய்ந்து யோசித்துக்கொண்டு நின்றேன். வடை ஆறி, தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. பிறகு வீட்டுக்கு வந்து நாங்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பார்த்தால், அதில் "எமது ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வருகை தந்து சிறப்பிக்குமாறு" என்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் வருவார்கள் என்றோ எதைப் பற்றிப் பேச வேண்டும் என்றோ ஒரு வரி இல்லை. அவர் வந்தார், சிறப்பித்தார். பிழை முழுக்க எங்களுடையது.

கதிரை வேறு, மைக் வேறு

நம் ஊரில் விழா கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம், மரியாதை செய்ய வேண்டியவரையும் பேச வேண்டியவரையும் ஒரே ஆளாக நினைப்பதுதான். பிரதம விருந்தினர் கதிரை என்பது நன்றிக்கடன், உறவு, பதவி, ஊர் வழக்கம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற ஒன்று. மண்டபத்துக்குக் காசு தந்தவர், பிரதேச செயலாளர், பழைய அதிபர், கனடாவில் இருந்து வந்திருக்கிற பழைய மாணவர் என்று யாராவது அதில் இருக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அவர் நல்லாகப் பேசுவார் என்று யார் சொன்னது? அவருக்கு ஐந்து நிமிட வாழ்த்துரை கொடுங்கள், மாலை போடுங்கள், பரிசுகளை அவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள். மைக்குக்கு வேறு ஆளைத் தேடுங்கள், நிகழ்ச்சி நிரலில் அதைச் "சிறப்புரை" என்று தனியாகப் போட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை குறையாது. குழுக் கூட்டத்தில் இதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

ஆளைத் தேட முதல் ஒரு கடதாசியில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: யார் வந்து இருக்கப்போகிறார்கள், அவர்கள் எழும்பிப் போகும்போது அவர்களிடம் என்ன இருக்க வேண்டும். "தமிழின் பெருமை" என்பது தலைப்பு ஆகாது, அதைச் சொன்னால் எந்தப் பேச்சாளரும் கையில் இருக்கிற பழைய பேச்சையே கொண்டுவருவார். "வெங்காயத்தில் வருகிற நோயை எப்படி முதலே கண்டுபிடிப்பது, நாற்பது கமக்காரர், பின்னேரம், மண்டபத்தில் புரொஜெக்டர் இல்லை" என்று எழுதினால் பாதி ஆட்கள் தாமாகவே கழிந்துபோவார்கள், மிச்சம் இருக்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

நூல் வெளியீடு என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே வரிசையில் நிற்பார்கள், நீங்கள் உண்மையில் தேட வேண்டியது புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற நயப்புரைக்கு மட்டும். புத்தகத்தை வாசிக்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்து அரை மணித்தியாலம் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். புத்தகத்தை ஒரு மாதத்துக்கு முதலே கையில் கொடுங்கள், பத்து நாளில் ஒரு கோல் எடுத்து "எந்த அத்தியாயம் பிடிச்சது சேர்?" என்று சும்மா கேளுங்கள்.

எங்கே தேடுவது

ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள், ஆனால் அழைப்பிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிற பத்துப் பெயர்களை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பத்துப் பேரும் களைத்துப் போயிருக்கிறார்கள். ஒரே பகிடியை மானிப்பாயிலும் சொல்லி, சாவகச்சேரியிலும் சொல்லி, பருத்தித்துறையில் சொல்லும்போது சனம் தாங்களே முடித்து வைக்கிறது.

சுகாதாரம் என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். மாரி மழையோடு டெங்கு கூடுகிற காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, உங்கள் ஊரிலேயே எந்த ஒழுங்கையில் எந்தத் தொட்டியில் நுளம்புக் குடம்பி கண்டோம் என்று சொல்வது, கொழும்பில் இருந்து வருகிற நிபுணரின் படங்களை விடச் சனத்தை அசைக்கும். கமம் என்றால் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் யார் என்று சொல்வார்கள். கலை, இலக்கியம், வரலாறு என்றால் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார், ஊரில் யார் யார் எதில் கெட்டிக்காரர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போனால் பேராசிரியர்களோடு நின்றுவிடாதீர்கள், இளம் விரிவுரையாளர்கள் புதிதாகத் தயார் செய்துகொண்டு வருவார்கள், நேரமும் தருவார்கள். மருத்துவமும் கலையும் திருநெல்வேலிப் பக்கம், ஆனால் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சியில் இருக்கின்றன, பயண நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

எழுதியவர்களைத் தேடுவதற்கு நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள் எல்லாம் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன, ஆளுமைகளுக்குத் தனிப் பக்கங்களும் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலரையோ பள்ளிக்கூடத்து மலரையோ திறந்து, யார் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எங்கள் ஊர்க் குளங்களைப் பற்றி எழுதிய ஒரு ஓய்வுபெற்ற நில அளவையாளரை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். எங்கள் வீட்டில் இருந்து மூன்றாவது ஒழுங்கை! யாரும் அவரை ஒருநாளும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

ஓய்வுபெற்றவர்களை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்தார், மெலிந்த மனிதர், சைக்கிளில் வந்தார், மைக்கைப் பிடிக்கவே கூச்சப்பட்டார். நான் உள்ளுக்குள் பயந்துவிட்டேன். அவர் பையில் இருந்து வேரோடு பிடுங்கிய நாலு வெங்காயச் செடியை எடுத்து மேசையில் போட்டார், நுனி கருகின ஒரு வெங்காயத் தாளை விரலால் நீவிக்கொண்டே "இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பிப் போய்க் கிட்டப் பார்த்தார், பின்னால் இன்னும் நாலு பேர், ஐந்து நிமிடத்தில் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம், மைக் தன் பாட்டில் ஒரு பக்கம் நின்றது. பேச்சு என்று பார்த்தால் பதினைந்து நிமிடம்கூட இருக்காது. இரவு எட்டு மணிக்கும் ஆட்கள் வீதியில் நின்று வெங்காயத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

பெண்களைக் கூப்பிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலைக் கட்டியெழுப்பிய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அப்படியிருந்தும் நம் அழைப்பிதழ்களில் பெண் பெயர் வரவேற்புரையிலோ நன்றியுரையிலோதான் இருக்கிறது. "கேட்டனாங்கள், வரேல்லை எண்டுட்டா" என்பார்கள். எத்தனை மணிக்கு முடியும், யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று சொன்னீர்களா என்று திருப்பிக் கேட்டால் பதில் இராது. இருட்ட முதல் முடியும், வாகனம் வாசலில் நிற்கும் என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பேச்சைக் கேட்காமல் கூப்பிடாதீர்கள்

"நல்லாப் பேசுவாராம்" என்பதை நம்பாதீர்கள். அந்த "ஆம்" தான் ஆபத்து. ஒரு தடவையாவது நீங்களோ உங்கள் குழுவில் ஒருவரோ போய்க் கேட்டிருக்க வேண்டும். வீரசிங்கம் மண்டபத்திலோ கைலாசபதி கலையரங்கிலோ நல்லூர்ப் பக்கத்து மண்டபங்களிலோ அடிக்கடி ஏதாவது நடக்கிறது, பெரும்பாலும் இலவசம், போய்ப் பின்வரிசையில் இருங்கள். மேடையைப் பார்க்காதீர்கள், சனத்தைப் பாருங்கள். எத்தனை பேர் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்டால் பேச்சாளர் கேள்வியை முழுதாகக் கேட்கிறாரா இடையில் வெட்டுகிறாரா, சொன்ன நேரத்துக்கு இருந்தாரா. யூடியூப்பில் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் பாருங்கள், தொடக்கம் எல்லோருக்கும் நல்லாகத்தான் இருக்கும்.

கோயில் பிரசங்கத்தில் கொடிகட்டிப் பறக்கிறவர் பள்ளிக்கூடத்து மேடையில் தடுமாறலாம், பட்டிமன்றத்தில் சிரிக்க வைக்கிறவர் நினைவுப் பேருரையில் எடுபடாமல் போகலாம். அவரை எங்கே கேட்டீர்களோ அந்த இடத்தின் பேச்சாளர் அவர் என்றுதான் முதலில் கணக்கு வையுங்கள். இந்த ஊர்ச் சனத்தை ஏமாற்றுவதும் கடினம். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தது 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் அங்கே பிரசங்கம் செய்து வந்தார்கள். நூற்றெழுபது வருடத்துக்கு மேலாக மேடைப் பேச்சைக் கேட்டுப் பழகிய காது, ஐந்தாவது நிமிடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடும்.

எப்போது, எப்படிக் கேட்பது

ஆறு கிழமைக்கு முதலே கேளுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளிலும் சமயப் பேச்சாளர்களைப் பிடிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. நவராத்திரியில் பள்ளிக்கூடம், வங்கி, கந்தோர் எல்லா இடமும் வாணி விழா, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மூன்று இடம் இருக்கும், உங்களிடம் வரும்போது மூச்சுத்தான் மிச்சம். வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் என்பதால் ஆசிரியர்கள் மைதானத்தில் நிற்பார்கள். ஞாயிறு பின்னேரம் வைக்கிறீர்கள் என்றால் நாலரையில் இருந்து ஆறு வரை இராகுகாலம், நீங்கள் நம்பாவிட்டாலும் தலைவர் நம்புவார், ஆகவே மூன்று, மூன்றரைக்குத் தொடங்கிவிடுங்கள். மாணவர்கள் வர வேண்டுமென்றால் ரியூசன் நேரத்தையும் விசாரியுங்கள், இதை நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.

முதலில் தொலைபேசி, பிறகு நேரில், கடைசியாகக் கடிதம். வயதானவர்களை வட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், "மதிக்கேல்லை" என்றாகிவிடும். தொலைபேசியில் இப்படித் தொடங்கினால் போதும்:

"வணக்கம் ஐயா. நான் வாசிகசாலைச் செயலாளர் கதைக்கிறன். உங்கட குளங்களைப் பற்றின கட்டுரை வாசிச்சனான். எங்கட பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளையளுக்கு அதைப் பற்றி இருபது நிமிசம் கதைக்க ஏலுமோ? அடுத்த மாதம் ரெண்டாம் ஞாயிறு, பின்னேரம் மூண்டரை. நேரில வந்து விபரம் சொல்லட்டோ?"

ஏன் அவரைக் கேட்கிறீர்கள் என்பது முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். "நீங்கள்தான் வரோணும், வேற ஆக்கள் இல்லை" என்று கெஞ்சினால், வேறு ஒருவர் மாட்டேன் என்றதால்தான் தன்னிடம் வந்திருக்கிறார்கள் என்று அவர் விளங்கிக்கொள்வார். அவர் "பாப்பம்" என்றால் அது ஓம் இல்லை. எங்கள் ஊரில் "இல்லை" என்ற சொல்லை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, "பாப்பம்" என்பதற்குள் அது இருக்கும். "அடுத்த வெள்ளிக்கிழமை எடுக்கட்டோ ஐயா?" என்று ஒரு நாள் குறித்துவிடுங்கள், வெள்ளிக்கிழமையும் "பாப்பம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள். அதற்காகவே பட்டியலில் மூன்று பேராவது இருக்க வேண்டும்.

அரசாங்க உத்தியோகத்தர் என்றால் அவருடைய திணைக்களத் தலைவர் ஊடாகக் கடிதம் கொடுப்பது அவருக்கும் பாதுகாப்பு, ஆசிரியர் என்றால் அதிபருக்கு ஒரு பிரதி. கடிதத்தில் யார் கேட்பார்கள், எத்தனை பேர், தலைப்பு, நிமிடக் கணக்கு, அவருக்கு முன்னும் பின்னும் யார் பேசுகிறார்கள், மல்ரிமீடியா இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இருக்கட்டும். "வருகை தந்து சிறப்பிக்குமாறு" இருந்தால் இருக்கட்டும், அது மட்டும் இருக்கக்கூடாது.

காசு

கூச்சப்படாமல் பேச வேண்டிய இடம் இது. சவுண்ட் செற்றுக்குக் காசு, பந்தலுக்குக் காசு, பனருக்குக் காசு, வீடியோவுக்குக் காசு, இவ்வளவு கொடுத்துவிட்டு, எந்த மனிதருக்காக அந்த மைக்கை வாடகைக்கு எடுத்தோமோ அவருக்கு ஒரு பொன்னாடை. அலுமாரியில் இடமில்லாமல் பொன்னாடைகளை வைத்துக்கொண்டு இருக்கிற பேச்சாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் சுன்னாகத்தில் இருந்து ஓட்டோ பிடித்து வந்து போகும் செலவாவது உங்களுடையதாக இருக்க வேண்டும். "வாகனம் அனுப்பட்டோ, இல்லை வாகனச் செலவைத் தரட்டோ?" என்று கேளுங்கள், வேண்டாம் என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடித உறையில் வைத்துத் தனியாகக் கொடுங்கள், மேடையில் அல்ல. தொழில்முறையாகப் பேசுகிறவர் தொகை சொன்னால் கோபிக்காதீர்கள், முடியாவிட்டால் முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள்.

வெளியூர், வெளிநாடு, ஸூம்

கொழும்பில் இருந்து வருகிறவருக்கு நானூறு கிலோமீற்றர் பயணம். இரவு பஸ்ஸில் வந்திறங்கி விடியவே மேடை ஏறச் சொல்லாதீர்கள், குளித்துச் சாப்பிட்டுப் படுக்க ஒரு வீடு ஒழுங்கு செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருந்து கூப்பிட ஆசை வரும், 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு சென்னையில் இருந்து வருவது சுலபமாகிவிட்டது என்பது உண்மைதான், ஆனால் மேடையில் பேச என்ன விசா வேண்டும் என்பதை ரிக்கற் போட முதல் குடிவரவுத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புலம்பெயர்ந்தவர்கள் ஆடி, ஆவணியிலும் மார்கழியிலும் வந்து நிற்பார்கள். அவர்களிடம் "உங்கட வேலை என்ன, ஒரு நாள் எப்பிடிப் போகும்" என்று கேட்டுப் பேச வையுங்கள், பிள்ளைகள் கண் வெட்டாமல் கேட்கும். "ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவுரை" என்று தலைப்புக் கொடுத்தீர்களோ, தொலைந்தது.

நெடுந்தீவில் விழா என்றால் குறிகட்டுவானுக்குத் திரும்புகிற கடைசிப் படகில் இருந்து பின்னோக்கி எண்ணித்தான் நிகழ்ச்சி நிரல் போட வேண்டும்.

ஸூமில் ஒருவரை மண்டபத்துக்குக் கொண்டுவருவது பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, எனக்கு அது பிடிக்காது. செய்வதானால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முதல் நாள் அதே மண்டபத்தில் அதே சவுண்ட் செற்றோடு ஒருக்கால் போட்டுப் பாருங்கள், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் பேசி ஒருவர் மொழிபெயர்த்தால் இருபது நிமிடம் நாற்பது ஆகும், அதையும் மறக்காதீர்கள்.

அழைப்பிதழும் அன்றைய நாளும்

அச்சுக்குக் கொடுக்க முதல் பேச்சாளரின் பெயரை அவர் எழுதுகிற மாதிரியே எழுதி, படம் பிடித்து அவருக்கே அனுப்பிச் சரிபாருங்கள். முதலெழுத்து, கலாநிதியா பேராசிரியரா, ஓய்வுபெற்ற என்பது வேண்டுமா வேண்டாமா, எல்லாம். ஒரு பட்டம் விடுபட்டால் பத்து வருடம் கதைக்க மாட்டார்கள், நான் அனுபவித்தவன்.

அறிமுகம் செய்கிறவருக்கு இரண்டு நிமிடம், ஒரு துண்டுக் கடதாசி. அறிமுக உரைதான் பல விழாக்களில் மிக நீளமான பேச்சு. பேச்சாளருக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு கோல் எடுங்கள், அன்று காலை அவரைக் கூட்டிவரப் பொறுப்பான பொடியனுக்கு இரண்டு கோல். வந்ததும் மைக் எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டுங்கள், ஒரு போத்தல் தண்ணி மேடைக்குக் கீழே அல்ல, மேசையில் இருக்கட்டும். மங்கல விளக்கேற்றல், தேவாரம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை எல்லாம் முடிந்து அவரைக் கூப்பிடுவதற்குள் சனம் அரைவாசி செத்துவிடும், ஆகவே சிறப்புரையை நாலாவது, ஐந்தாவது இடத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். நேரம் கடந்தால் துண்டுக் கடதாசி அனுப்புகிற வழக்கம் உண்டு. துண்டை மேடையில் கொண்டுபோய்க் கொடுத்து எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுத்தாமல், "பதினெட்டாவது நிமிசம் முன்வரிசையில நான் எழும்பி நிப்பன் ஐயா, அதைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று முதலே பேசி வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் சுகம். நான் எழும்பி நின்றதும் ஒருவர் பேச்சை நிறுத்தி "தம்பிக்கு என்னவோ கேள்வி இருக்காம்" என்று மைக்கில் சொன்னார். அப்படியும் நடக்கும்.

முடிந்ததும் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பாதீர்கள், வெள்ளிக்கிழமையோ கந்தசஷ்டி விரத நாளோ என்று பார்த்துச் செய்யுங்கள். இரண்டு நாளுக்குள் நல்ல படம் இரண்டும் ஒரு நன்றிக் கடிதமும் போகட்டும். அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள், அடுத்த செயலாளருக்குக் கொடுப்பதற்கு. எங்கள் கொப்பியில் வெங்காய ஐயாவுக்கு நேரே இப்படி இருக்கிறது: "20 நிமிடம் கேட்டது, 15 பேசினார், கேள்வி ஒரு மணித்தியாலம். சீனி போடாத தேத்தண்ணி. சைக்கிளில்தான் வருவார், வாகனம் அனுப்பினால் கோபம். மேசை பெரிதாக வேண்டும்."